குராசாவ்: வண்ண வீடுகளுக்குக் கால் மணி நேரம், மீதித் தீவுக்கு ஐந்து நாள்

குராசாவ் என்று தேடிப் பார்த்தால் திரும்பத் திரும்ப ஒரே படம்தான் வரும். நீலத் தண்ணீர், அதன் கரையில் மஞ்சள், ரோஸ், பச்சை என்று தோளோடு தோள் ஒட்டி நிற்கும் டச்சு பாணி வீடுகள். ஹண்டெல்ஸ்காடே என்பது அந்த வரிசையின் பெயர். நேரில் போய் நின்று எல்லாக் கோணத்திலும் படம் எடுத்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். அதற்கப்புறம் என்ன செய்வதென்று தெரியாமல் பனியன் கடையிலும் காந்த வில்லைக் கடையிலும் நேரத்தைக் கழித்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். முதல் தடவை நாங்களும் அப்படித்தான் இரண்டு நாளை வீணாக்கினோம். நெதர்லாந்தின் ஐந்தோவன் நகரத்தில் வேலை என்பதால் ஆம்ஸ்டர்டாமிலிருந்து நேராகப் பறக்கும் வசதி இருந்தது; இரண்டாம் தடவை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒழுங்காகத் திட்டம் போட்டுப் போனோம். அந்தத் திட்டம்தான் இது.

தீவு எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கரீபியன் கடலின் தென்கோடியில், வெனிசுவேலாக் கரையிலிருந்து சுமார் 65 கிலோமீட்டர் வடக்கே. பரப்பு 444 சதுர கிலோமீட்டர், மக்கள்தொகை ஒன்றரை லட்சத்தை ஒட்டி. இவ்வளவு சின்ன இடம் 2026 கால்பந்து உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. டாக்ஸியில் பேச்சைத் தொடங்க இதைவிட நல்ல விஷயம் கிடையாது.

முதலில் விசா

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். குராசாவ் நெதர்லாந்து முடியாட்சியைச் சேர்ந்தது; 2010 அக்டோபர் 10 முதல் அந்த முடியாட்சிக்குள்ளேயே தன்னாட்சி கொண்ட தனி நாடு. ஆனால் ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேராது. இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குக் கரீபியன் விசா என்று தனியாக ஒன்று உண்டு, அதற்கு நெதர்லாந்துத் தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். ஷெங்கன் நாடொன்றின் வசிப்பிட அட்டையோ, பலமுறை நுழையக்கூடிய அமெரிக்க, கனடா விசாவோ கையில் இருந்தால் பெரும்பாலும் இந்த விசா தேவைப்படாது. உங்களிடம் இருப்பது எந்த வகை என்று பார்த்து, நெதர்லாந்து அரசின் தளத்தில் உறுதி செய்துகொண்டு, அதன் பிறகு டிக்கெட் எடுங்கள். மயாமி வழியாக டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று பாய வேண்டாம். விமானம் மாறுவதற்கு மட்டும் இறங்கினாலும் அமெரிக்க விசா கட்டாயம்.

விசாவுக்கு அடுத்தது டிஜிட்டல் குடிவரவு அட்டை. கிளம்புவதற்கு முந்தைய 7 நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். இது இலவசம். காசு கேட்கும் தளத்துக்குள் போய்விட்டீர்கள் என்றால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள்.

எப்போது போகலாம்

புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே ஒதுங்கி இருப்பதால், மற்ற கரீபியன் தீவுகளைப் போல ஆகஸ்ட், செப்டம்பரில் பயந்து நடுங்க வேண்டியதில்லை. மழை என்றால் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரைதான், அதுவும் வந்து கொட்டிவிட்டுப் போய்விடும். டிசம்பர் முதல் ஏப்ரல் வரை அறை வாடகை ஏறும். மே, ஜூன் மாதங்கள் எங்களுக்குச் சரியாக இருந்தன.

வெயிலைவிட ஏமாற்றுவது காற்று. கிழக்கிலிருந்து ஓயாமல் வீசிக்கொண்டே இருக்கும். டிவிடிவி என்ற மரம் அந்தக் காற்றுக்கு வளைந்து, தலைமுடியை ஒரே பக்கமாக வாரிவிட்டதுபோல மேற்கு நோக்கிச் சாய்ந்தே வளரும். வழி தெரியாத இடத்தில் திசைகாட்டியாகவே வைத்துக்கொள்ளலாம். காற்று இருப்பதால் வெயில் சுடுவதே தெரியாது. சாயந்திரம் கண்ணாடி முன்னால் நிற்கும்போதுதான் தெரியும். கிரீமை நம்புவதைவிட முழுக்கைச் சட்டை மேல்.

இறங்கியதும்: பணம், மின்சாரம், தண்ணீர்

2025 மார்ச் 31 முதல் இங்கே புதுப் பணம், கரீபியன் கில்டர். அமெரிக்க டாலர் ஒன்றுக்கு 1.79 கில்டர் என்று கட்டி வைத்திருக்கிறார்கள், ஏறி இறங்காது. டாலரைக் கிட்டத்தட்ட எல்லாக் கடையிலும் வாங்கிக்கொள்வார்கள், மீதியைக் கில்டரில் தருவார்கள். அதனால் கில்டர் மாற்றிக்கொண்டு போக வேண்டிய அவசியமே இல்லை. சின்ன டாலர் நோட்டுகளாக எடுத்துப் போங்கள், அது போதும். பழைய அன்டிலிய கில்டர் நோட்டை யாராவது தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். சாப்பாட்டுக் கடைகளில் சேவைக் கட்டணத்தைப் பில்லிலேயே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு டிப்ஸ் வையுங்கள்.

மின்சாரம் 127 வோல்ட். போன், லேப்டாப் சார்ஜர்களுக்குச் சிக்கல் இல்லை. அம்மாவுக்காக எடுத்துப்போன குட்டி ரைஸ் குக்கர் மட்டும் 230 வோல்ட்காரன். ஒரு ஆழாக்கு அரிசி வேக ஒன்றேகால் மணி நேரம் ஆனது. அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். சமையலறையோடு கூடிய அறை எடுத்து, அங்கே இருக்கும் அடுப்பிலேயே பொங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடிக்கலாம். ஆறு கிடையாது, ஊற்று மிகக் குறைவு. கடல்நீரைத்தான் நன்னீராக்கிக் குழாயில் விடுகிறார்கள், 1928-லிருந்தே அப்படித்தான். பாட்டில் தண்ணீருக்குச் செலவழிக்க வேண்டாம்.

வண்டி எடுங்கள்

பேருந்து உண்டு, தலைநகரின் இரண்டு கரைகளான பூந்தாவிலிருந்தும் ஒட்ரோபந்தாவிலிருந்தும் கிளம்புகிறது. ஆனால் மேற்குக் கடற்கரைகளுக்கு அதை நம்பிப் போனால் பாதி நாள் நிறுத்தத்திலேயே போய்விடும். டாக்ஸியில் மீட்டர் கிடையாது, இடத்துக்கு இடம் நிர்ணயித்த கட்டணம், ஏறுமுன் கேட்டுக்கொள்ளுங்கள். நகரத்தைப் பார்க்கும் நாளைக்கு வண்டி வேண்டாம். மற்ற நாட்களுக்கு வாடகைக் கார்தான் சரி. சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும், சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். பல நாள் காய்ந்த சாலையில் திடீரென்று மழை பெய்தால் தார் சோப்புப் போட்டதுபோல வழுக்கும், அப்போது மெதுவாகப் போங்கள். கடற்கரையில் நிறுத்தும்போது வண்டிக்குள் பை, போன், எதுவும் வைக்காதீர்கள். எங்களுக்கு வாடகைக்கு விட்டவரே, கண்ணாடியை உடைத்துப் பார்ப்பதைவிடத் திறந்து பார்த்துவிட்டுப் போகட்டும் என்று, கதவைப் பூட்டாமல் விடச் சொன்னார். நான் பூட்டிவிட்டுத்தான் போனேன். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கீறலுக்கெல்லாம் பேரம் நடக்கும். எடுக்கும்போதே நான்கு பக்கமும் வீடியோ எடுத்துவிடுங்கள்.

நகரத்துக்கு ஒரு நாள்

தலைநகர் வில்லெம்ஸ்டாட். சின்ட் அன்னா விரிகுடா என்ற நீர்வழி நகரத்தை இரண்டாகப் பிளக்கிறது. கிழக்குக் கரை பூந்தா. 'முனை' என்ற டச்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர். வரைபடத்தில் ஆங்கில எழுத்தில் பார்த்ததும் தமிழர்கள் கொஞ்சம் நெளிவார்கள், சத்தமாகப் படிக்காமல் விரலால் சுட்டிக்காட்டிவிடுவது உத்தமம். மேற்குக் கரை ஒட்ரோபந்தா, அப்படியே நம்முடைய 'அக்கரை'. 1997 முதல் இந்தப் பழைய நகரம் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

காலையில் ஒட்ரோபந்தாக் கரையிலிருந்து தொடங்குங்கள். வெயில் அப்போது உங்கள் முகத்தில் அடிக்கும், எதிரே வீடுகள் நிழலில் இருக்கும். படத்துக்கு அது நன்றாக இருக்காது. படத்தைச் சாயந்திரத்துக்கு வைத்துக்கொண்டு, காலையில் சந்துகளுக்குள் நுழையுங்கள். அங்கே இருக்கும் குரா ஹுலாண்டா அருங்காட்சியகம் அடிமை வணிகத்தைப் பற்றியது. திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துவிட்டுப் போய்ப் பாருங்கள். 1634-ல் டச்சுக்காரர்கள் ஸ்பெயின்காரர்களிடமிருந்து இந்தத் தீவைப் பிடித்தது உப்புக்காகவும் ஆழமான இயற்கைத் துறைமுகத்துக்காகவும். உப்போடு நிற்கவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்தவர்களை இங்கே இறக்கி, தென் அமெரிக்காவுக்கும் மற்ற தீவுகளுக்கும் விற்றார்கள். எதிர்க்கரை வீடுகளைக் கட்டிய காசு எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு விடை இந்தப் பக்கத்தில் இருக்கிறது. அதனால்தான் இங்கிருந்து தொடங்கச் சொல்கிறேன்.

அப்புறம் பாலம். ராணி எம்மா பாலம், 1888-ல் முதலில் போட்டது. தூண்கள் கிடையாது; வரிசையாக மிதக்கும் தெப்பங்களின் மேல் பலகை போட்ட நடைபாலம். கப்பல் வந்தால் ஒட்ரோபந்தாப் பக்கம் கீல் போட்ட கதவுபோல முழுப் பாலமும் ஒதுங்கிக்கொள்ளும். ஒரு காலத்தில் நடப்பதற்குச் சுங்கம் வாங்கினார்களாம், செருப்பில்லாமல் வருபவர்களுக்கு இலவசம். ஏழைகள் கௌரவத்துக்காகச் செருப்பை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு காசு கொடுத்து நடந்தார்கள், பணக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று கதை சொல்கிறார்கள்.

பாலத்தில் கட்டியிருக்கும் கொடியைப் பாருங்கள். ஆரஞ்சுக் கொடி என்றால் கொஞ்ச நேரம்தான் திறக்கும், நின்று வேடிக்கை பார்க்கலாம். நீலக் கொடி என்றால் நேரம் ஆகும். இரண்டு கரைக்கும் நடுவே இலவசப் படகு ஓடும், அதில் ஏறிக்கொள்ளுங்கள். மணி அடித்துக் கதவை மூடும்போது நீங்கள் பாலத்தின் மேலேயே இருந்தால் பதறி ஓட வேண்டாம், அப்படியே நிற்கலாம். நாங்கள் நடுவில் இருந்தபோது மணி அடித்தது. கடைசி முனையில் இருக்கும் சிறிய அறையில் ஒருவர் எஞ்சினைக் கிளப்பினார், காலடியில் பலகை லேசாக அதிர்ந்தது, மஞ்சள் வீடு மெல்ல இடப்பக்கம் நகர ஆரம்பித்தது. அம்மா கைப்பிடிக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "என்னடா இது, ரோடே கிளம்பிப் போகுது" என்றார். பக்கத்தில் மளிகைப் பையோடு நின்ற ஒரு அம்மாள் சிரித்துவிட்டு, "போக்கோ போக்கோ" என்று அம்மாவின் தோளைத் தட்டினார். மெதுவாக, பதற்றமில்லாமல் என்று அர்த்தம். ஒரு இழுவைப் படகு கடந்து போனது. பத்து நிமிடத்தில் பாலம் திரும்பி வந்து பொருந்திக்கொண்டது.

பூந்தாவில் இறங்கியதும் தலையிலேயே நிற்கிற மஞ்சள், வெள்ளைக் கட்டடம் 1708-ல் கட்டிய பென்ஹா. வீடுகளுக்கு ஏன் இத்தனை நிறம் என்பதற்கு வழிகாட்டிகள் எல்லாரும் ஒரே கதை சொல்வார்கள்: 1817-ல் ஆளுநர் ஆல்பர்ட் கிக்கர்ட், வெள்ளைச் சுவரில் பட்டுத் தெறிக்கும் வெயிலால் தனக்குத் தலைவலி வருகிறது என்று சொல்லி, வெள்ளை அடிக்கக் கூடாதென்று உத்தரவு போட்டார், அவர் செத்த பிறகு பார்த்தால் பெயின்ட் கடையில் அவருக்குப் பங்கு இருந்தது. பெயின்ட் கடைப் பகுதி கட்டுக்கதையாகவே இருக்கலாம். நண்பகலில் அங்கே ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்தபோது தலைவலியை மட்டும் நம்பிவிட்டேன்.

பூந்தாவில் இரண்டு இடத்தைத் தவற விடாதீர்கள். ஒன்று, 1732-ல் கட்டிய யூதர்களின் தொழுகைக்கூடமான மிக்வே இஸ்ரேல்-இம்மானுவேல். அமெரிக்கக் கண்டங்களில் விடாமல் தொழுகை நடந்துவரும் மிகப் பழைய யூதக்கூடம் இதுதான். உள்ளே தரை முழுக்க மணல். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் ரகசியமாகத் தொழுத காலத்தில் காலடி ஓசை வெளியே கேட்காமல் இருக்க மணல் பரப்பினார்கள், அந்த நினைவு என்று ஒரு விளக்கம். பாலைவனத்தில் அலைந்ததன் அடையாளம் என்று இன்னொன்று. சனிக்கிழமை தொழுகை நாள், சுற்றிப் பார்க்கப் போகாதீர்கள். இன்னொன்று, ஆம்ஸ்டர்டாம் கோட்டைக்குள் இருக்கும் தேவாலயம். அதன் சுவரில் 1804 முற்றுகையின்போது ஆங்கிலேயர் சுட்ட பீரங்கிக் குண்டு இன்னும் பதிந்தே இருக்கிறது. தேடிக் கண்டுபிடிக்கக் குழந்தைகளை ஏவிவிட்டால் உங்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும்.

சொகுசுக் கப்பல் வரும் நாளில் பூந்தா நெரிசலாகிவிடும். ஞாயிறன்று பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். இரண்டையும் தவிர்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

மதியச் சாப்பாடு

பிளாசா பியூ, அதாவது பழைய சந்தை. கொட்டகை போன்ற பெரிய கூடம், ஒரு பக்கம் வரிசையாக அடுப்புகள், பெரிய அண்டாக்கள், நீளமான பொது மேசைகள். மதியம் மட்டும்தான். தாமதமாகப் போனால் அண்டா காலி. கப்ரித்து ஸ்தோபா என்ற ஆட்டுக்கறிக் குழம்பைக் கேளுங்கள், எலும்பிலிருந்து கறி தானாகக் கழன்று வரும். அதோடு ஃபுன்ச்சி வரும். மக்காச்சோள மாவைக் கிண்டி உருட்டியது. அம்மா ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "களிதானே" என்று முடித்துவிட்டார். கம்மங்களி சாப்பிட்ட கைக்கு இது புதிதில்லை. குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டியதுதான். கியாம்போ என்று ஒரு சூப் உண்டு, வெண்டைக்காயைக் கொழகொழவென்று வேகவைத்து, மீனும் உப்புக்கறியும் போட்டது. வழவழப்பு ஆகாதவர்கள் விலகிவிடுங்கள். உடும்பு மாதிரி இருக்கும் இகுவானாவின் சூப்பும் உண்டு, நான் துணியவில்லை.

சைவர்கள் சும்மா "வெஜிடேரியன்" என்று சொல்லி நிறுத்தாதீர்கள், மீனை வைத்துவிடுவார்கள். "மி நோ தா கோமே கர்னி, நி பிஸ்கா" என்றால் கறியும் சாப்பிடமாட்டேன், மீனும் சாப்பிடமாட்டேன். ஃபுன்ச்சி, அவரை வகைகள், வறுத்த வாழைப்பழம் கிடைக்கும். காலையில் பாஸ்தெச்சி, நம்ம சோமாசி வடிவத்தில் பொரித்த காரப் பண்டம். கேஷி என்று கேட்டால் சீஸ் வைத்தது தருவார்கள். தென் அமெரிக்காவின் சூரினாம் நாட்டுக்காரர்கள் நடத்தும் கடைகளில் ரொட்டியும் உருளைக்கிழங்கு மசாலாவும் கிடைக்கும். சூரினாமில் குடியேறிய இந்தியர்களின் கைமணம். புளி ஜூஸும் இங்கே சாதாரணம், தாமரெய்ன் என்று கேளுங்கள்.

மொழிக்குப் பயப்பட வேண்டாம். டச்சு, ஆங்கிலம், ஸ்பானிஷ் எல்லாம் ஓடும், ஆனால் வீட்டு மொழி பாப்பியமெந்து. கடைக்குள் நுழைந்ததும் "போன் தியா" சொல்லுங்கள், மதியத்துக்கு மேல் "போன் தார்தி". வணக்கம் சொல்லாமல் நேராக விலை கேட்பது இங்கே மரியாதைக் குறைவு. "டன்கி" என்றால் நன்றி. "துஷி" என்றால் இனிப்பு, ருசி, செல்லம், எல்லாம். சாப்பிட்டு முடித்ததும் அந்த ஒரு சொல்லைச் சொல்லிப் பாருங்கள், அடுத்த கரண்டி இலவசமாக விழும்.

மேற்கே இரண்டு நாள்

தீவின் மேற்குப் பகுதியை பந்தா அபோ என்பார்கள். வந்திறங்கும் நாளையும் சேர்த்து ஐந்து நாள் ஒதுக்கச் சொன்னதே இதற்காகத்தான்.

முதல் நாள் விடியற்காலையில் கிறிஸ்டோஃபெல் மலை. 372 மீட்டர், தீவிலேயே உயரம். ஏறி இறங்க இரண்டு மூன்று மணி நேரம். கடைசிப் பகுதியில் கையையும் ஊன்றிப் பாறையில் ஏற வேண்டும். வெயில் ஏறிவிட்டால் மேலே விடமாட்டார்கள், ஆறரைக்கெல்லாம் வாசலில் இருங்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். முழங்கால் வலி உள்ளவர்கள் பூங்காவுக்குள் வண்டியிலேயே சுற்றலாம். இறங்கியதும் பக்கத்திலேயே ஷேதே போக்கா, வடகரையில் கடல் குடைந்த வாய்களின் வரிசை. போக்கா தாப்லாவில் குகைக்குள் இறங்கி உட்கார்ந்தால் அலை உள்ளே வந்து இடிப்பதை நெஞ்சில் உணரலாம். வடகரையில் எங்கேயும் குளிக்க இறங்காதீர்கள்.

இரண்டாம் நாள் கடற்கரைகள். கெனெபா கிராந்தி, டச்சில் குரோட்டே க்னிப். மேலே வண்டியை நிறுத்திவிட்டுக் கீழே பார்த்தால் தண்ணீர் நிறம் நம்ப முடியாது. கட்டணம் இல்லை. பவளக் கற்கள் காலைக் கிழிக்கும், ரப்பர் செருப்பு அவசியம். பிளாயா பிஸ்காதோவில் மீனவர்கள் மீன் அரியும் துறைக்குக் கடலாமைகள் வரும். முகக்கண்ணாடி போட்டுக்கொண்டு காலையில் இறங்கினால் கைக்கெட்டும் தூரத்தில் நீந்தும், தொடாதீர்கள்.

ஒரு மரத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். மன்சலீன்யா. கரையோரத்தில் நல்ல நிழல் தரும், சின்ன ஆப்பிள் போலப் பச்சைக் காய் காய்க்கும். அதன் பால் பட்டால் தோல் வெந்துபோகும், காய் நஞ்சு. மழை பெய்யும்போது அடியில் ஒதுங்கவே கூடாது, இலையில் வழிந்து வரும் தண்ணீரே கொப்புளம் போடும். பல இடங்களில் எச்சரிக்கை வைத்திருக்கிறார்கள், எல்லா இடத்திலும் இல்லை. குழந்தைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

கெனெபாக் கடற்கரைக்கு மேலே குன்றில் ஒரு பண்ணை மாளிகை இருக்கிறது. பெரும்பாலானவர்கள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அதைக் கவனிக்காமல் கடந்து போகிறார்கள். 1795 ஆகஸ்ட் 17 காலையில் துலா என்ற அடிமை, தன்னோடு இருந்த சில பத்துப் பேருடன் இனி வேலை செய்ய மாட்டோம் என்று பண்ணையாரிடம் சொல்லிவிட்டு நடந்தது இங்கிருந்துதான். கூட்டம் வழியில் இரண்டாயிரமாகப் பெருகியது. ஒரு மாதத்துக்கு மேல் தாக்குப்பிடித்தார்கள். அக்டோபர் 3 அன்று துலாவைச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அடிமை முறையைச் சட்டப்படி ஒழிக்க 1863 ஜூலை 1 வரை ஆனது. துலாவைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து நெதர்லாந்து அரசு விடுவித்தது 2023-ல். மாளிகை திறந்திருக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள், மூடியிருந்தாலும் முற்றத்தில் நின்று கடலைப் பார்க்கலாம். அதே மாளிகை வாசல், அதே நீலம்.

திரும்பும் வழியில் யான் கோக் உப்பளத்தில் ஃபிளமிங்கோக்கள் நிற்கும். வண்டியைச் சாலையோரம் நிறுத்தி, சத்தம் போடாமல் பாருங்கள்.

மீதி ஒரு நாள்

கடல் ஒத்துக்கொள்பவர்கள் க்ளெய்ன் குராசாவ் போகலாம். ஆளில்லாத குட்டித் தீவு, ஒரு பழைய கலங்கரை விளக்கம், ஒரு கப்பல் எலும்புக்கூடு, நல்ல மணல். போகும்போது படகு காற்றை எதிர்த்துப் போவதால் இரண்டு மணி நேரம் தூக்கிப் போடும், கிளம்புவதற்கு முன்பே வாந்தி மாத்திரை போட்டுக்கொள்ளுங்கள். படகில் ஏறிய பிறகு போட்டுப் பிரயோஜனமில்லை என்பது என் மனைவி எனக்குச் சொன்னது, நான் வாளியைப் பிடித்துக்கொண்டிருந்தபோது.

மற்றவர்கள் சோபோலோபோ மாளிகைக்குப் போகலாம். நீல நிற குராசாவ் மது தயாராகும் இடம். ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்து நட்ட வலென்சியா ஆரஞ்சு இந்தக் காய்ந்த மண்ணில் வாயில் வைக்க முடியாத கசப்பாகிப் போனது. லராஹா என்று பெயர் பெற்ற அந்தப் பழத்தின் தோலை வெயிலில் காயவைத்தபோதுதான் அதன் மணம் தெரிந்தது. நீலம் வெறும் சாயம். சாயமில்லாத பாட்டிலும் விற்கிறார்கள், ருசி ஒன்றுதான்.

கடைசி மாலை ஐந்து மணிக்கு ஒட்ரோபந்தாக் கரைக்குத் திரும்புங்கள். வெயில் இப்போது உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும், எதிரே அந்த வரிசை முழுக்க ஒளி வாங்கி நிற்கும். அந்தக் கால் மணி நேரத்தை இப்போது செலவழியுங்கள். பையில் மிச்சமிருக்கும் கில்டரை அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். சின்ட் மார்ட்டன் நாட்டைத் தவிர வேறெங்கும் அது செல்லாது. பாட்டில் வாங்கியிருந்தால் துணிக்கு நடுவே சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்திருந்த ஒன்றை விமான நிலையத்துப் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பையன் எனக்குச் சிரித்துக்கொண்டே "டன்கி" சொன்னான்.